பன்னிரண்டாம் அத்தியாயம்

"இதை எழுதியிருக்க வேண்டாம்."

வலியசாலை வாசகசாலையின் அபிப்பிராய நோட்டில் சேஷன் எழுதியிருந்தது இவ்வளவுதான். ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதி, நாகர்கோவிலில் அச்சாகி வந்த ஸ்ரீகண்டனின் முதல் நாவலுக்கு!

"பார்த்தீரா ஓய், உம்ம சிநேகிதன் லட்சணத்தை?" என்றார் காரியதரிசி நாகேஸ்வரன். புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் நோட்டில் ஒரு வரியாவது எழுதியாக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

ஸ்ரீகண்டனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"ஊர் என்ன வேணும்னா சொல்லட்டும். சேஷன் வாயால நன்னாயிருக்குன்னு ஒரு வார்த்தை வரணும்னுதான் நான் எழுதினதே. இனிமே பேனாவைத் தொட்டா ஏன்னு கேளும்."

"அட, இவன் சொன்னதுக்கா? மத்த நாவலுக்கெல்லாம் என்ன எழுதியிருக்கான்னு பாரும், சிரிப்பா வரும்."

நோட்டைத் திருப்பினார்.

துப்பறியும் நாவல்: 'கொலை ஐந்து. செத்தவர் எல்லாரும் தடித்தடி ஆண்பிள்ளைகள். நிம்மதியாகப் படிக்கலாம்.'

காதல் நாவல்: 'கடைசியில் இரண்டு பேரும் ஆற்றில் குதிக்கிறார்கள். பாதகமில்லை.'

சரித்திர நாவல்: 'யுத்தத்தில் பதினாயிரம் பேர் மாண்டார்கள். ரொம்ப ரசமான புஸ்தகம்.'

ஊரே அழுதுகொண்டு படித்த குடும்ப நாவல்: 'பதினாலாம் பக்கத்தில் மூடிவிட்டேன்.'

"பதினாயிரம் பேர் செத்தா ரசமாம்! நெஞ்சா கல்லா ஓய் அது?" என்று நாகேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஸ்ரீகண்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டார். கிள்ளிப்பாலம் தாண்டி, அட்டக்குளங்கரை தாண்டி, ஸ்ரீவராகம் வரைக்கும் மனுஷன் வாய்க்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு நடந்தார்.

பன்னிரண்டாம் அத்தியாயம் ஒன்று போதாதா? ஜுரத்தில் அந்தச் சின்னப் பையன் அம்பி சாகிற இடம்! அச்சுக் கோத்த தாசையனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பயலைப் பிழைக்க வச்சிரப்படாதா சாமி?" என்று கெஞ்சினான். "ஓர் எழுத்தை மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட அத்தியாயம் உள்ள நாவலையா இவன் வேண்டாம் என்கிறான்?

கதவைத் திறந்தது சேஷனின் சம்சாரம் நாகலக்ஷ்மி.

"சேஷன் இருக்கானா மன்னி?"

"கடைக்குப் போயிருக்கார். இப்போ வந்துடுவார். உள்ளே வந்து உட்காருங்கோ."

காப்பி வந்தது. டம்ளரை வைத்துவிட்டு அவள் போகவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோரமாக நின்றாள்.

"நீங்கோ வந்தது நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்கோ மன்னி."

"எனக்குப் பள்ளிக்கூடத்துல மலையாளந்தான் சொல்லிக் குடுத்தா. தமிழ் எழுத்து வாசிக்க வராது. இவர்தான் தினம் ராத்திரி சாப்பாடானதும் எனக்கு நாவல் படிச்சுக் காட்டுவார். முதல்ல தான் முழுக்கப் படிச்சுப் பார்த்துடுவார். எங்க பப்பு போனதுலேர்ந்து அப்படித்தான். குழந்தைக்கு ஏதாவது ஆறதுன்னா அந்தப் புஸ்தகத்தை மூடிடுவார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

பப்பு, சேஷனின் ஒரே பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முன்னால், துலாம் மாச மழையில் வந்த ஜுரத்தில் போனவன். அந்த மூன்று நாளும் ஸ்ரீகண்டன் இதே கூடத்தில்தான் இருந்தார்.

"உங்க புஸ்தகத்தை மட்டும் அவர் பார்க்கலை. 'ஸ்ரீகண்டனோடது, அதுக்கென்ன பார்க்கறது'ன்னு நேரே எனக்குப் படிக்க ஆரம்பிச்சுட்டார். அந்த அம்பி எங்க பப்பு மாதிரியே இருக்கான், தெரியுமோ? ஜுரத்துலயும் பம்பரத்தைத் தலகாணிக்கடியில ஒளிச்சு வச்சுக்கறான். விளக்கை அணைக்கப்படாதுன்னு அடம் பிடிக்கறான். எல்லாம் அச்சு அசல் அவனேதான்."

ஸ்ரீகண்டன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பம்பரம், விளக்கு, எல்லாம் தம் கற்பனை என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்! எங்கே பார்த்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அங்கே வந்ததும் இவர் வாசிக்கறதை நிறுத்திட்டார். 'இதுக்கு மேல நன்னாயில்லை'ன்னு மூடிட்டார். மறுநாளே கொண்டு போய்க் குடுத்தும் விட்டார். நாலு நாளா எனக்கு அதே நினைப்பு." அவள் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "நீங்கோ எழுதினவர், உங்களுக்குத் தெரியுமே. அம்பி பிழைச்சானோ?"

ஸ்ரீகண்டன் நிமிர்ந்து பார்த்தார்.

அவளுக்குப் பின்னால், வாசற்படியில் சேஷன் நின்றிருந்தான். எப்போது வந்தானோ! கையில் காய்கறிப் பை. கண் ஸ்ரீகண்டன் முகத்தை விட்டு நகரவில்லை.

"என்ன மன்னி இப்படிக் கேட்டுட்டேள்?" என்றார் ஸ்ரீகண்டன். "சேஷனுக்குப் பொறுமை கிடையாது, பாதியில மூடிட்டான். மூணாம் நாள் ராத்திரியே அம்பிக்கு ஜுரம் விட்டுடுத்து. விடியக்காலம்பற எழுந்து உட்கார்ந்துண்டு, 'அம்மா, பசிக்கறது'ன்னான்."