பொன்னிற வளையம்

பேனா பிடித்தால் நிவேதாவின் கை ஏன் நடுங்குகிறது என்று மாதக்கணக்கில் யாருக்கும் பிடிபடவில்லை. புதிய டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் மெல்லிய பொன்னிற வளையம்.

"ஊரே இந்தக் கண்ணத்தான் அழகுன்னு சொல்லும் டாக்டர். நான் சுத்திப் போட்டுக்கிட்டே இருப்பேன்," என்றாள் அம்மா செல்வராணி.

"அது செம்பும்மா. ஒடம்புல தங்கித் தங்கிக் கண்ணு வரைக்கும் வந்திருக்கு. மருந்து இருக்கு, பயப்படாதீங்க. சொந்தத்துலயா கட்டுனீங்க?"

"எங்க மாமனத்தான்."

"பரம்பரையா வர்றது. சின்னவளுக்கும் இருக்கலாம், பாத்துடுவோம்."

செல்வராணி மடியிலிருந்த அகல்யாவின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். விளையாட்டு என்று நினைத்த குழந்தை சிரித்துக்கொண்டே கண்களை இறுக மூடிக்கொண்டது. திற என்று சொல்ல செல்வராணிக்கு வாய் வரவில்லை.