பத்தாவது குடம்

தண்ணீர் லாரி வருமுன்பே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். யாருக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்று கணக்கெடுக்க, பல்கலைக்கழகப் பெண் ஒருத்தியும் குடியிருப்போர் சங்கத்து ஸ்டெல்லா அக்காவும் சேர்ந்து வந்தார்கள். தினமும் பத்தாவது இடத்தில் நிற்கும் குடத்தைக் கணக்கில் எடுப்பதென்று, அன்று அங்கே நின்ற நீலக் குடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்தார்கள்.

மூன்றாவதாக நின்ற பச்சைக் குடத்துக்கு வயிறு எரிந்தது.

"வாய் நசுங்கின உனக்குப் போய் போட்டோவா?"

"நீ முன்னாடி நிக்கிற, தினமும் நிறைஞ்சு போற. எனக்குப் பாதி நாள் சொட்டுத் தண்ணி கிடையாது. அதைத்தான் எழுதிக்கிறாங்க," என்றது நீலக் குடம்.

"பெருமையை எப்படி மறைக்குது பாரு."

மறுநாள், காற்றடித்த சாக்கில் பச்சைக் குடம் உருண்டு போய் நீலத்தை நகர்த்திவிட்டுப் பத்தாவதாக நின்றது. நீலம் மூன்றாவது இடத்துக்குப் போனது. பச்சைக்கு ஸ்டிக்கரும் கிடைத்தது, போட்டோவும் கிடைத்தது.

ஒன்பதாவது குடத்தோடு லாரி காலி. 'கிடைக்கவில்லை' என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

பச்சைக் குடம் ஸ்டிக்கர் வெளியே தெரிய, வெறுமையாக வீட்டுக்குப் போனது. தளும்பிக்கொண்டு போன குடங்களெல்லாம் அதையே பார்த்தன.

அடுத்த நாள் லாரி வந்தபோது, வரிசையின் முன்னால் ஒரு குடமும் இல்லை. பத்தாவது இடத்தில்தான் அடிதடி.