சாவியை வை

"சார், நாளையிலேர்ந்து நான் பஸ் எடுக்கலை."

ஸ்கூல் பஸ் டிரைவர் சொல்லிவிட்டு மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

எதிரே வாகனப் பொறுப்பாளர். பள்ளியின் ஆறு பஸ்களும் அவர் கட்டுப்பாட்டில். எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் பிள்ளைகள் முதல் பிரின்சிபால் வரை அவருக்குக் 'கடுகு சார்' என்றுதான் பேர்.

"ஏன்? வேற இடத்துல வேலை கிடைச்சிருச்சா?"

"இல்லை சார். பாலத்து மேல ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை நடுங்குது, மூச்சு முட்டுது. இந்த வாரம் ரெண்டு தடவை ஓரங்கட்டி நிறுத்திட்டேன். பின்னாடி முப்பத்தி நாலு பிள்ளைங்க சார்..."

"டாக்டர்?"

"பார்த்தேன். இதயத்துல ஒரு கோளாறும் இல்லையாம், குதிரை மாதிரி இருக்காம். மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட போகச் சொல்றார்."

அங்கே நின்றிருந்த இன்னொரு டிரைவர் களுக்கென்று சிரித்தார்.

கடுகு சார் சிரிக்கவில்லை. ஆறுதலாகவும் ஒரு வார்த்தை இல்லை.

"சாவியை வை. நாளையிலேர்ந்து ஸ்டோர் ரூம்ல புத்தகத்துக்கு லேபிள் ஒட்டு. ஒன்பதுக்கு வா, மூணுக்குக் கிளம்பு. வாராவாரம் வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்த சீட்டு இந்த மேஜைக்கு வரணும். சீட்டு வரலைன்னா நீயும் வராதே."

பதினோரு வருஷம் ஓட்டிய பஸ்ஸின் சாவி, டிராயருக்குள் 'ணங்'கென்று விழுந்தது.

வீட்டில் மனைவி கொதித்தாள். "'என்னப்பா ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? கல்லுலகூட நார் உரிச்சிடலாம்போல! சரி, அவர் கிடக்கிறார். நாம டாக்டர்கிட்ட போவோம்."

"அங்கே பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"டாக்டரைப் பார்க்க வந்திருக்கோம்னு நினைப்பாங்க."

மனநல டாக்டர் ஒரு அம்மா. பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "என்ன பண்ணுது, சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வெளியே காத்திருந்த மனைவிக்கு ஆச்சரியம். "பதினாலு வருஷமா எங்கிட்ட 'ம்', 'ஊஹூம்' தாண்டினதில்லை. உள்ளே அப்படி என்னதான் பேசினீங்க?"

"தெரியலை. ஆனா இறக்கி வச்ச மாதிரி இருக்கு. இதுக்குப் பேரும் இருக்காம், மருந்தும் இருக்காம். நான் முதல் ஆளும் இல்லையாம்."

மாத்திரை, மூச்சுப் பயிற்சி, வாராவாரம் பேச்சு. மெல்லத் தூக்கம் வந்தது. பசி வந்தது. ஒருநாள் மனைவி சொன்ன ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தார். ஜோக் சுமார்தான்.

ஐந்தாவது வாரம், 'அதான் தேவலையே' என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டார். வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் கடுகு வெடித்தது.

"சீட்டு எங்கே?"

"இப்ப பரவாயில்லை சார், அதான்..."

"அதை நீ சொன்னா ஆச்சா? டாக்டர் சொல்லணும். கிளம்பு இப்பவே!"

முகம் சுண்டிப்போய்க் கிளம்பியவர், வாசலில் நின்று கேட்டார். "என் பஸ்ஸை இப்ப யார் சார் ஓட்டுறாங்க?"

"அது உனக்கு எதுக்கு?"

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. புது ஆள் போட்டாகிவிட்டது. இனி காலமெல்லாம் லேபிள்தான்.

ஆனாலும் சிகிச்சையை விடவில்லை. பதினோராவது வாரம் டாக்டர் சொன்னபடி மைத்துனனின் காரில் பாலத்தைக் கடந்து பார்த்தார். ஒரு தடவை. பிறகு ஐந்து தடவை.

"போதும் மாமா, பெட்ரோல் என்னோடது" என்றான் மைத்துனன்.

அடுத்த வியாழக்கிழமை சீட்டோடு ஒரு கடிதமும் வந்தது. 'இவர் இனி பேருந்து ஓட்டலாம்.'

கடுகு சார் இரண்டு முறை படித்தார். டிராயரைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"எந்த பஸ் சார்?"

"உனக்கு எத்தனை பஸ் இருக்கு? நாளைக்கு ஆறே முக்காலுக்கு வண்டி கிளம்பணும். லேட்டா வந்தே, தொலைச்சிடுவேன்!"

மறுநாள் காலை. பாலம் வந்தது, பாலம் போனது. கை நடுங்கவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் நடுங்க நேரமும் இல்லை.

பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, முன்சீட்டு வாண்டுவிடம் கேட்டார். "இத்தனை நாள் வந்த புது டிரைவர் நல்லா ஓட்டினாராம்மா?"

"புது டிரைவரா? கடுகு சார்தான் அங்கிள் ஓட்டினார்! காலையிலயும் சாயங்காலமும், 'ஐயோ என் முட்டி'ன்னு கத்திக்கிட்டே!"

டிரைவர் திகைத்துப்போய், பிள்ளைகளை இறக்கிவிட வந்த ஆயாம்மாவைப் பார்த்தார்.

"அவரா? ஏன் ஆயாம்மா, வேற ஆள் கிடைக்கலையா?"

"கிடைக்காம என்ன தம்பி, மூணு பேர் வந்து நின்னாங்க. 'புது ஆளைப் போட்டுட்டா, அவன் குணமாகி வரும்போது இடம் இருக்காதே'ன்னு அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிட்டார்."