நாலாம் மாடி சம்பந்தி

"இந்த மணியை யாருக்கு வெச்சிருக்கீங்க? பல்லிக்கா?"

தலைமாட்டுச் சுவரில் எங்கோ உயரத்தில் இருந்த அழைப்பு மணியைக் காட்டிக் கேட்டார் அவர். கையை எவ்வளவு நீட்டியும் அது எட்டவில்லை. நர்ஸ் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். கூடித்தான் இருந்தது. ஏன் கூடாது?

இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நாலாம் மாடி வார்டுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து பெண் வீட்டில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா மாதிரி ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்தார். நர்ஸ்கள் தங்களுக்குள் 'சம்பந்தி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"இது ஜன்னலா? படுத்திருக்கிறவன் பாக்கவா, பறந்து போறவன் பாக்கவா?"

"மூஞ்சிக்கு நேரா எதுக்கு இந்த லைட்டு? என்னைப் போஸ்ட்மார்ட்டம் பண்ணப் போறீங்களா?"

உப்பில்லாத சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். ஊசி போட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. சுவரும் கதவும்தான் அவருக்கு ஜென்ம விரோதி.

காசு கட்டிவிட்டால் கட்டடமே தன்னுடையது என்று நினைக்கிற ரகம் என்று நர்ஸ் அவரை எடை போட்டு வைத்திருந்தாள். வீட்டில் செல்லுபடியாகாத அதிகாரத்தை ஆஸ்பத்திரியில் வந்து செலுத்துகிற ஆண்கள் அவள் பார்க்காததா என்ன?

அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். "வீட்லயும் இப்படித்தானாம்மா?"

"வீட்ல என்னைச் சொல்வார். வீட்டைச் சொல்ல மாட்டார்" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் அவரை முதல்முறையாகக் கட்டிலை விட்டு இறக்கினார்கள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வார்டு மூலையில் இருந்த குளியலறைக்கு நர்ஸ் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் நாற்காலி இடித்து நின்றது. நேராகத் தள்ளினாலும் நுழையவில்லை, கோணலாகத் தள்ளினாலும் நுழையவில்லை.

"சீக்கிரம்மா" என்றார் அவர். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை.

நர்ஸ் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் தாங்கி அவரை எழுப்பினார்கள். ஆஸ்பத்திரி அங்கி பின்பக்கம் திறந்துகொண்டது. எதிர்க் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்திருந்த குடும்பம் நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொண்டது. உள்ளே கால் வைக்கிற இடத்தில் ஒரு மேடு. பிடித்துக்கொள்ள வைத்திருந்த கம்பியோ அவர் கைக்கு எட்டாத மறுபக்கத்தில்.

மேட்டைத் தாண்டுவதற்குள் தாமதமாகிவிட்டது. அங்கி நனைந்து, கால் நனைந்து, நர்ஸின் செருப்பும் நனைந்தது.

நர்ஸ் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டாள்.

வெளியே வரும்போது அவர் விரலை மடக்கி வாசல் சுவரைத் தட்டினார். "இந்தப் பக்கம் கைவைக்க முடியாது, உள்ளே குழாய் போகுது. அந்தப் பக்கச் சுவரைத் தள்ளிப் போட்டிருந்தா வாசல் அகலமா வந்திருக்கும்" என்று தனக்குத்தானே முனகினார்.

வலி மாத்திரையின் மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

வேறு அங்கி மாற்றி அவரைப் படுக்கவைத்தார்கள். அவர் நிமிர்ந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நாள் முழுக்க ஓயாத வாய் அப்படி அடங்கிக் கிடப்பதைப் பார்க்க நர்ஸுக்கு என்னவோ போல் இருந்தது. இவ்வளவு நேரம் அவர்மேல் இருந்த கடுப்பு மொத்தமும் இடம் மாறியது.

"நீங்க பேசினது ஒண்ணும் தப்பில்ல சார்" என்றாள். "நீங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. நாங்க வருஷக்கணக்கா இதுல மாரடிக்கிறோம். மருந்து ரூம் ஒரு கோடி, நோயாளி இன்னொரு கோடி. ஒரு ஊசி போடணும்னா ஊர்வலம் போகணும்."

அவர் தலையை மெல்லத் திருப்பினார். "அப்புறம்?"

"எங்க ரூமுக்கு ஜன்னலே கிடையாது சார். ஸ்டோர் ரூமுக்குப் பெரிய ஜன்னல். பஞ்சு மூட்டைக்குக் காத்து வேணுமாம்."

"அப்புறம்?"

இப்படிக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கீழ வாசல்ல பாருங்க, கண்ணாடி என்ன, நீரூற்று என்ன. எல்லாம் போட்டோ எடுக்கக் கட்டினது. நோயாளின்னு ஒருத்தன் இதுக்குள்ள வருவான்னு பிளான் போட்ட ஆளுக்கு யாரும் சொல்லலையோ என்னவோ. தீப்பெட்டி அடுக்கக்கூடத் தெரியாதவனுக்கெல்லாம் யார் சார் பட்டம் குடுக்கிறாங்க?"

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நர்ஸ் நினைத்தாள். கோபம் இன்னும் ஏறியது.

"இதுக்கெல்லாம் ஒரே வழிதான் சார். இதைக் கட்டின இன்ஜினியரைக் கொண்டுவந்து இந்தக் கட்டில்ல படுக்க வைக்கணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"படுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."