நுரை அடங்கிய பிறகு

அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுற்றிச் சமையல் சோடாவும் எலுமிச்சை மூடியும் தேங்காய் நாரும் கூடியிருந்தன.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. இது முரட்டு வேலை இல்ல," என்றது சோடா.

நார் தள்ளி நின்றது. இந்த ஜம்பத்தை அது போன வாரமும் பார்த்ததுதான்.

சோடாவில் ஒரு கரண்டி பாத்திரத்துக்குள் குதித்தது. எலுமிச்சை தன் சாற்றை ஊற்றியது. புஸ்ஸென்று நுரை விளிம்புவரை பொங்கியது. வீட்டுக்காரி செண்பகவல்லி அவசரமாகப் போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

"பாத்தியா, கெமிக்கலே கிடையாது," என்று எலுமிச்சை பீற்றிக்கொண்டது.

"பொங்கினது போதும், கருகல் போச்சா?" என்றது நார்.

போகவில்லை. நுரை அடங்கியதும் எலுமிச்சையின் புளிப்பும் இல்லை, சோடாவின் காரமும் இல்லை. சப்பென்ற தண்ணீருக்கடியில் கருகல் அப்படியே கிடந்தது. செண்பகவல்லி போனை வைத்துவிட்டு நாரை எடுத்துக் கால்மணி நேரம் தேய்த்தாள். நாரில் பாதி உதிர்ந்து சாக்கடையோடு போனது. பாத்திரம் பளபளத்தது.

படம் பிடிக்க மறுபடி போனை எடுத்தாள். பாத்திரத்துக்கு இந்தப் பக்கம் சோடா, அந்தப் பக்கம் எலுமிச்சை. படத்தில் அசிங்கமாகத் தெரிந்த நாரைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

சோடா கூடைக்குள் எட்டிப் பார்த்துப் பரிவோடு சொன்னது: "கவலைப்படாதே. நாங்க வேலை செஞ்சப்ப நீயும் பக்கத்துல நின்னதை எல்லார்கிட்டயும் சொல்றோம்."