கடைசி ஆளாக இறங்குபவர்

"யார்டு மாஸ்டர் என்பவன் கப்பல் கேப்டன் மாதிரி. கடைசி ஆளாகத்தான் இறங்குவான்" என்று வாக்கி டாக்கியில் முழங்கினார் குமாரதாஸ்.

அவர் இருந்தது ரயில்வே யார்டில், தரையோடு ஒட்டிய ஒற்றை அறை கேபின். இறங்க ஒரு படிகூடக் கிடையாது.

பெட்டிகளைத் தடம் மாற்றிக் கோக்கும் ஷண்டிங்கில் ஆசிட் டாங்கர் வேகன் இன்னொரு வேகனில் மோதி, வால்வு பிய்த்துக்கொண்டது. யார்டில் நின்ற அத்தனை பேரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். வேகனுக்குப் பக்கத்தில் நின்ற குமாரதாஸ் மட்டும் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளைப் புகை இப்போது கேபினை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"சாரே, இப்பம் ஓடி வந்தா தப்பிச்சிரலாம். வாங்க சாரே" என்று ரோட்டிலிருந்து வாக்கி டாக்கியில் கெஞ்சினான், தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் எபிசன்.

"முதல்ல கூட்டத்தக் கலைச்சு விடு. அப்புறம் வாறேன்."

கூட்டம் கலைகிற மாதிரி இல்லை. மார்த்தாண்டம் பஸ்கூட ஓரங்கட்டி நின்றது. யூனியன் தலைவர் முருகதாஸ், மாஸ்டரின் தியாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் இறந்த காலத்துக்குப் போய்விட்டார். ஃபிளெக்ஸ் கடைக்காரர் போனில், தோற்றம் மட்டும் போதுமா, மறைவும் சேர்க்கவா என்று கேட்டார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய மாஸ்டரின் மனைவி சபிதா, எபிசன் கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள்.

"நீங்க வாறியளா, இல்ல நான் அங்ஙோட்டு வரட்டா?"

அவர் கடமை என்றார், தேசம் என்றார்.

"கடைக்குப் போயி ஒரு பாக்கெட் பால் வாங்கித் தந்ததில்ல. இப்பம் தேசமா?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. புகை கேபின் சுவரைத் தொட்டுவிட்டது. சபிதா சேலைத் தலைப்பைக் குழாயில் நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். எபிசன் தடுத்தும் நிற்கவில்லை.

கேபின் ஜன்னலில் குமாரதாஸின் தலை மட்டும் தெரிந்தது.

"ஏட்டி, வராத. அங்கயே நில்லு. நானே வாறேன்."

கதவு திறந்தது. ரோட்டில் அத்தனை செல்போன்களும் உயர்ந்தன.

ஆசிட் தெறித்த உடுப்பு முழுவதையும் விதிப்படி கழற்றி எறிந்துவிட்டுக் குளித்திருந்த யார்டு மாஸ்டர், முன்னால் பச்சைக் கொடியும் பின்னால் சிவப்புக் கொடியும் கட்டியிருந்தார்.