டாங்கிளுக்கு வச்ச பொட்டு

கூலிக்குப் பேண்டேஜ் துணி மடிச்சு மடிச்சு விரலெல்லாம் பஞ்சு ஒட்டிக் கிடக்கு. இன்னும் ரெண்டு கட்டு பாக்கி. பாப்பா தூங்குது. அதான் மடிப்பை நிறுத்தி நிறுத்தி இதை எழுதுறேன்.

மம்சாபுரத்துல எங்களுக்கு அரை ஏக்கர் கத்திரி. பங்குக் கிணறு, மோட்டார் மட்டும் தனித்தனி. திரீபேஸ் கரண்டு வந்ததும் முதல் மூணு மணி நேரம் எங்க முறை. பொறவு பக்கத்து வயல் வேலுத்தாய் அத்தை முறை. நாங்க மோட்டார் போடலைன்னா அந்த நேரமும் அவியளுக்குத்தான்.

கரண்டு எப்ப வரும்னு சொல்ல முடியாது. கைப்பிள்ளையோட நான் வெயில்ல ஓடுறதைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரர் மாரீஸ்வரன் ஒரு பெட்டி செஞ்சாரு. ராஜபாளையத்துல மில் எலக்ட்ரீசியன் அவரு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டு, நெட்டுக்கு சிம் போட்டுச் சொருகுற ஒரு டாங்கிள். கரண்டு வந்தாலும், மோட்டார் ஓடினாலும் நின்னாலும் போனுக்கு மெசேஜ் வந்துரும்.

வியாழக்கிழமை மாட்டினாரு. மெசேஜ் வந்துச்சு. வெள்ளிக்கிழமை நின்னுபோச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே பாப்பாவுக்குக் காய்ச்சல். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில மூணு நாள் கிடந்தோம். அவரு மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்குமா அலைஞ்சாரு. பூ விட்ட கத்திரி, ஒருநாள் தண்ணி தப்பினாலும் உதிர்ந்துரும். எனக்கு அதே நினைப்புதான்.

திங்கக்கிழமை துணி எடுக்க ஊருக்குப் போனவரு, எங்க மோட்டார் ரூம்ல இருந்து வேலுத்தாய் அத்தை வெளிய வந்ததைப் பார்த்துட்டாரு. கோவத்துல வயலை எட்டிக்கூடப் பார்க்கலை.

"எங்க முறைத் தண்ணியைக் களவாங்கத்தான் ஒயரைப் பிடுங்கிப் போட்டீயளோ?"

தெருவே கேட்டுச்சாம். அத்தை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையாம்.

"தப்பு செஞ்சவ எப்படிப் பேசுவா?"ன்னாரு என்கிட்ட. நானும் ஆமான்னு தலையாட்டினேன்.

மறுநாள் பாப்பாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முந்தின நாள் அவரு கழட்டிக் கொண்டாந்த பெட்டியை வழியிலேயே நூர்பானு அக்கா செல்போன் கடையில கொண்டுபோய் வச்சோம்.

அக்கா டாங்கிளைப் பிடுங்கி லைட்டுல காட்டிப் பார்த்தாங்க. ஊசியால சுரண்டினாங்க. மஞ்சளா எதுவோ உதிர்ந்துச்சு. சந்தனம்!

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். புது சாமான்னு வெள்ளிக்கிழமை பொட்டு வச்சது நான்தான். டாங்கிளையும் விட்டு வைப்பானேன்னு, கழட்டி நல்லா அப்பி, திரும்பச் சொருகியிருந்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க. பொறவு அவருகிட்ட, "ஒண்ணுமில்ல தம்பி, தூசி அடைச்சிருக்கு"ன்னுட்டாங்க.

துடைச்சுச் சொருகினாங்க. அப்பவும் நெட் வரலை.

"இங்க பாருங்க தம்பி. சொருகினதும் இது போர்டுகிட்ட, நான் நெட் தர்ற மோடம்னு சொல்லாது. நான் சிடின்னு சொல்லும். கரண்டு போய் வந்தா மறுபடியும் சிடிதான். நாம கேட்டாத்தான் உண்மையைச் சொல்லும்." என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. "உன்னை மாதிரி கூச்சக்காரி."

தானா மோடமா மாறுற மாதிரி என்னத்தையோ தட்டினாங்க. "போர்டுல வர்ற கரண்டு இதுக்குப் பத்தாது"ன்னு, தனி சார்ஜர் போட்ட ஹப் ஒண்ணு நடுவுல மாட்டினாங்க. சிவப்பு லைட்டு நீலமாச்சு.

உடனே அவரு போன் கத்த ஆரம்பிச்சது. ஒண்ணு, ரெண்டு, மூணு... நிக்கவே இல்லை.

"என்னய்யா இது?"ன்னாங்க அக்கா.

"நெட் இல்லாதப்ப பெட்டி தனக்குள்ள எழுதி வச்சுக்கும்க்கா. இப்ப மொத்தமா அனுப்புது."

அவரு வாசிச்சாரு. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு மோட்டார் ஆன், ஒரு மணிக்கு ஆஃப். ஞாயித்துக்கிழமை பதினொண்ணுக்கு ஆன், ரெண்டுக்கு ஆஃப். திங்கக்கிழமையும் அப்படியே. நாங்க ஆஸ்பத்திரியில கிடந்த மூணு நாளும் எங்க மோட்டார், எங்க முறைக்கு, மூணு மணி நேரம் ஓடியிருக்கு. அத்தை தன் முறைக்குன்னு அதுல ஒரு நிமிஷம் கூட எடுத்துக்கலை.

அவரு போனைக் கவுத்தி வச்சாரு.

"ஏங்க, தூசி இல்ல... சந்தனம். நான்தான் வச்சேன்"னேன். கல்யாணம் ஆகி அவருகிட்ட நானா வாயைத் திறந்து சொன்ன முதல் தப்பு அது.

ஊருக்கு வந்ததும் ரெண்டு பேரும் அத்தை வீட்டு வாசல்ல போய் நின்னோம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லத்தை?"ன்னாரு அவரு.

"காய்ச்சக்காரப் பிள்ளைக்குத் துணி எடுக்க வந்தவன்கிட்ட என்னத்தல வாய் கொடுக்க? ஒரு சுவிட்சைப் போட்டா என் கை தேஞ்சா போகும்? போ, பிள்ளையை வெயில்ல வச்சிருக்காதிய."

அதுல இருந்து பெட்டி நல்லா வேலை செய்யுது. இந்தா, கரண்டு வந்துட்டுன்னு போன்ல மெசேஜும் வந்துட்டு. ஆனா அத்தைகிட்ட மட்டும் அதை நான் இன்னும் சொல்லலை. ஏன்னா, தினமும் கரண்டு வந்ததும் அவிய எங்க வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லி—

"ஏட்டி காளீஸ்வரி! கரண்டு வந்துட்டுடி!"